புரியில்லாத குழலிலிருந்து கிடைக்கும் சாட்சி: நாட்டுத் துப்பாக்கி வழக்குகளும் தடய அறிவியலும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, ஏரியூர், பென்னாகரம் வட்டாரங்களில் நாட்டுத் துப்பாக்கி வழக்கு என்பது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வந்துபோகும் செய்தி. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன இடத்தில் உடன் வந்தவர் மீதே குண்டு பாய்ந்தது, உரிமம் இல்லாத துப்பாக்கியுடன் ஒருவர் கைது, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் துப்பாக்கிகள் ஒப்படைப்பு என்று செய்தி எந்த வடிவில் வந்தாலும், கைப்பற்றப்பட்ட துப்பாக்கி தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற வரியோடுதான் பெரும்பாலும் முடியும். அந்த வரிக்குப் பிறகு என்ன நடக்கிறது, ஆய்வகத்தால் எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது என்பதைப் பற்றி நம் பகுதியில் பேச்சே இல்லை. ஒருவர் சிறைக்குப் போவதும் விடுதலையாவதும் அதைப் பொறுத்தே அமைகிறது என்பதால், சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

துப்பாக்கித் தடயவியல் என்றதும் பலருக்கும் தோன்றும் காட்சி ஒன்றுதான்: உடலிலிருந்து எடுத்த குண்டையும் ஆய்வகத்தில் சுட்டுப் பார்த்த குண்டையும் நுண்ணோக்கியின் கீழ் அருகருகே வைத்து, கோடுகள் பொருந்துகின்றன என்று நிபுணர் சொல்வது. இந்த முறைக்கு அடிப்படை, குழலின் உட்புறத்தில் திருகுச் சுற்றாக வெட்டப்பட்ட புரிகள். குண்டு சுழன்றபடி நேர்கோட்டில் பாய்வதற்காக ரைஃபிள், ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றில் இவை அமைக்கப்படுகின்றன. குழலை இறுக்கமாக உரசிக்கொண்டு வெளியேறும் குண்டின் மேல் அந்தப் புரிகளின் தடம் பதிந்துவிடுகிறது. எத்தனை புரிகள், இடப்பக்கம் சுழல்கின்றனவா வலப்பக்கமா, பள்ளத்தின் அகலம் எவ்வளவு என்பவை அந்த மாதிரியைச் சேர்ந்த எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொது. இவற்றை வகைப் பண்புகள் என்கிறோம். குழலை வெட்டிய கருவியின் முனையிலிருந்த நுண்ணிய சிதைவாலும், பின்னாளில் ஏற்பட்ட துரு, தேய்மானத்தாலும் உண்டான மெல்லிய கீறல்கள் அந்த ஒரு குழலுக்கே உரியவையாகக் கருதப்படுகின்றன. இவை தனிப் பண்புகள். 1889இல் பிரான்சின் லியோன் நகரில் அலெக்ஸாந்தர் லக்கசாஞ் குண்டின் மேலிருந்த பள்ளங்களை எண்ணி ஒரு துப்பாக்கியோடு பொருத்தியது இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்று. 1920களில் ஒப்பீட்டு நுண்ணோக்கி துப்பாக்கி ஆய்வுக்கு வந்தது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் 7 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், கால்வின் காடார்ட் அந்தக் கருவியைக் கொண்டு, சுட்டவை காவல்துறையின் துப்பாக்கிகள் அல்ல என்று நிறுவியபோது துறை உலகப் புகழ் பெற்றது.

அந்தப் புகழ் பெற்ற முறை, தேன்கனிக்கோட்டைக் காவல் நிலையத்திலோ பாலக்கோட்டிலோ கைப்பற்றப்படும் பெரும்பாலான துப்பாக்கிகளுக்குப் பொருந்தாது. நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கி, குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, அடைப்பை வைத்து இரும்புக் கம்பியால் இடித்து, மேலே ஈயக்குண்டோ பால்ரஸோ (சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் சிறு எஃகு உருண்டை) போட்டு, மறுபடி ஓர் அடைப்பு வைத்துத் தயார்செய்யப்படும் வகை. குழலுக்குப் புரி கிடையாது; உட்புறம் வழவழப்பாகவோ துருவேறிச் சொரசொரப்பாகவோ இருக்கும். குண்டு குழலைவிடச் சிறியது என்பதால் சுவரை இறுக்கி உரசுவதில்லை. தோட்டாவே இல்லாததால், சுட்டபின் கீழே விழும் வெற்றுத் தோட்டாவும் இல்லை. புரியுள்ள துப்பாக்கியில் குண்டும் தோட்டாவும் ஆகிய இரண்டும் சாட்சி சொல்லும். இங்கே இரண்டுமே வாய் திறப்பதில்லை.

பால்ரஸ் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ஈயம் மிருதுவானது, எதையாவது உரசினால் கீறல் விழும். பால்ரஸ் என்பது கடினப்படுத்தப்பட்ட எஃகு. குழாயைக் கீறுமே தவிர, தான் கீறல் வாங்காது. ஓசூரிலும் காவேரிப்பட்டணத்திலும் எந்தச் சைக்கிள் கடையிலும் ஒரே அளவில், ஒரே எடையில் கிடைக்கும் பொருள் அது. உடலில் கிடைத்த பால்ரஸும் சந்தேகிக்கப்படுபவரின் வீட்டில் கிடைத்த பால்ரஸும் ஒரே அளவு என்று அறிக்கை சொன்னால், அதன் பொருள் அளவு ஒன்று என்பது மட்டுமே. ஈயக்குண்டுகளின் வேதிச் சேர்மானத்தை ஒப்பிட்டு ஒரே தொகுதியிலிருந்து வந்தவை என்று சொல்லும் முறையை அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் கையாண்டது. அந்தச் சேர்மான ஒற்றுமைக்கு நீதிமன்றத்தில் தரப்பட்ட எடை மிகையானது என்று 2004இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் சுட்டிக்காட்டியபின், 2005இல் அந்த ஆய்வையே எஃப்.பி.ஐ. கைவிட்டது. பெரிய ஆலைகளில் உருக்கிய ஈயத்துக்கே இந்த நிலை என்றால், பழைய பேட்டரித் தகட்டையும் மீன்வலை ஈயத்தையும் சேர்த்து அடுப்பில் உருக்கிய குண்டைப் பற்றி எவ்வளவு நிதானத்தோடு பேச வேண்டும்!

அப்படியானால் ஆய்வாளர் என்னதான் செய்கிறார்? முதலில், தன் கைக்கு வந்த பொருளில் மருந்து திணித்திருக்கிறதா என்று பார்க்கிறார். தோட்டாத் துப்பாக்கியைத் திறந்து பார்த்துவிடலாம்; வாய்வழித் துப்பாக்கியில் அது முடியாது. பழக்கப்பட்டவர்கள் மெல்லிய மரக்குச்சியைக் குழலின் வாய் வழியாக மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளப்பார்கள். பின்முனையில் நெருப்புத் துளை இருக்கும் இடம்வரை குச்சி எட்டினால் குழல் காலி. நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன. இந்த அளவை எடுக்கும் வேலை நிபுணருடையது. கைப்பற்றிய இடத்திலேயே ஆளுக்கு ஆள் குழலுக்குள் கம்பியை விட்டுக் குடைந்தால், ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே ஒட்டியிருக்கும் அடைப்பின் நாரும் மருந்தின் எச்சமும் கலைந்துபோகும். குழலின் வாயைச் சுத்தமான துணியால் கட்டி, படுக்கவைத்து, காகிதத்தில் சுற்றி அனுப்புவதே முறை. பிளாஸ்டிக் உறையில் ஈரம் தேங்கும். எரிந்த கரிமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குழலைச் சீக்கிரமே துருப்பிடிக்கச் செய்யும் தன்மையுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மாதம் வழக்குச் சொத்து அறையில் கிடந்த குழலின் உட்புறம், கைப்பற்றிய நாளில் இருந்த உட்புறமாக இருக்காது.

அடுத்த கேள்வி சட்டம் சார்ந்தது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், வெடிபொருளின் விசையாலோ வேறு ஆற்றலாலோ எறிபொருளைச் செலுத்துவதற்கென வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் படைக்கலத்தையும் சுடுபடைக்கலம் என்று வரையறுக்கிறது. பட்டறையில் செய்தது, பழையது, நீர்க்குழாயால் ஆனது என்பதெல்லாம் விலக்கு ஆகாது. எனவே, இது சுடத்தக்க நிலையில் உள்ளதா என்பதை ஆய்வாளர் சோதித்துச் சொல்ல வேண்டும்: குதிரையை, அதாவது விசையை அழுத்தினால் விழுந்து அடிக்கும் பகுதியை, பின்னுக்கு இழுத்தால் நிற்கிறதா, விசையை அழுத்தினால் போதிய வேகத்தில் விழுகிறதா, நெருப்புத் துளை அடைபட்டிருக்கிறதா, குழலின் பின்முனை அடைப்பு உறுதியானதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபின், துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி, விசையில் கயிறு கட்டித் தொலைவிலிருந்து இழுத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். பட்டறைக் குழல் வெடித்துச் சிதறக்கூடும் என்பதால்தான் இந்த முன்னெச்சரிக்கை. உரிமமில்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. உரிமமில்லாமல் வைத்திருப்பதைத் தடுக்கும் 3ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், முன் அனுமதி வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அனுமதிக்கான கோப்பில் நிபுணரின் இந்தக் கருத்துதான் முதுகெலும்பு.

யார் சுட்டது, எந்தத் துப்பாக்கியால் சுட்டது என்ற கேள்விக்கு வரும்போதுதான் நாட்டுத் துப்பாக்கி ஆய்வாளரைச் சோதிக்கிறது. குண்டில் கிடைக்காத தொடர்பை, குண்டோடு சேர்ந்து வெளியே வரும் மற்றவற்றில் தேட வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது அடைப்பு. தேங்காய் நார், பழந்துணி, நாளிதழ்த் தாள், சிமெண்ட் மூட்டைக் காகிதம் என்று கைக்குக் கிடைத்ததைச் சுருட்டி அடைப்பாக்குகிறார்கள். சுடும்போது அது குண்டின் பின்னாலேயே பாய்ந்து, கனமில்லாததால் சில மீட்டர் தூரத்துக்குள் விழுந்துவிடுகிறது. மிக அருகில் சுட்டிருந்தால் காயத்துக்குள்ளேயே போய்விடும். ஆக, அடைப்பு கிடந்த இடம் சுட்டவர் நின்ற திசையையும் ஏறத்தாழ நின்ற இடத்தையும் காட்டுகிறது. அந்த அடைப்பு என்ன பொருளால் ஆனது என்பது, அதைத் திணித்தவரின் வீட்டுக்கு வழிகாட்டக்கூடியது.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் லங்காஷயரில், எட்வர்ட் கல்ஷா என்பவரைக் கொன்ற கைத்துப்பாக்கியின் காகித அடைப்பு அவரது தலைக் காயத்திலிருந்து எடுக்கப்பட்டது. விரித்துப் பார்த்தால் அது ஒரு பாட்டுத் தாளின் கிழிந்த மூலை. ஜான் டாம்ஸ் என்பவரின் சட்டைப்பையில் அதே தாளின் மீதி இருந்தது. கிழிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தின. நுண்ணோக்கி ஒப்பீடு தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, இந்தப் பொருத்தத்தின் மேல் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1835இல் லண்டன் போ ஸ்ட்ரீட் காவல் அலுவலர் ஒருவர், சௌத்தாம்ப்டனில் ஒரு வீட்டுப் பணியாளர் திருடர்கள் தன்னைச் சுட்டதாகச் சொன்ன குண்டில் ஒரு சிறு புடைப்பைக் கண்டார்; அந்தப் பணியாளரின் சொந்தக் குண்டு வார்க்கும் அச்சிலேயே அதற்கு நேரான சிறு குழி இருந்தது. இவ்விரண்டும் வாய்வழித் துப்பாக்கிக் காலத்து வழக்குகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் வரலாறாகிவிட்ட அந்தத் துப்பாக்கி இங்கே இன்னும் புழக்கத்தில் இருப்பதால், அந்தக் காலத்துப் புலனாய்வு அறிவும் இங்கே தேவைப்படுகிறது. கிழிந்த வேட்டித் துணியின் நெசவும் சாயமும், நாளிதழ்த் துண்டில் தெரியும் இரண்டெழுத்தும் தேதியும், நாரோடு ஒட்டியிருக்கும் மண்ணும் நம் வழக்குகளில் குண்டைவிட அதிகம் பேசக்கூடியவை. ஆனால் முட்செடிக்கு அடியில் கருகிக் கிடக்கும் ஒரு கந்தல் உருண்டை, என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே படும். உடலைத் தூக்க வந்த இருபது பேர் நடந்தபின் அது கிடைக்காது. சம்பவ இடத்தில் அடைப்பைத் தேடி எடுத்ததாக மகஜரில், அதாவது காவல்துறை அங்கே எழுதும் பதிவில், ஒரு வரி இல்லாத வழக்கை, அதில் எத்தனை சாட்சிகள் இருந்தாலும், அரைகுறையாகப் புலனாய்வு செய்யப்பட்ட வழக்காகவே நான் கருதுகிறேன்.

குண்டு வார்க்கும் அச்சு நம் பக்கத்திலும் தேடத்தக்கது. அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு, வார்ப்பு வாயை வெட்டிய இடம், அச்சிலிருந்த பழுது ஆகியவை ஈயக்குண்டில் பதியும். துப்பாக்கியையே ஒரு கருவித் தடயமாகப் பார்ப்பதும் பயன் தரும். குழலின் முனையை அறுத்த ரம்பம், நெருப்புத் துளையைப் போட்ட துளைப்பான், இரும்பைச் சீராக்கிய அரம், மரக்கட்டையைச் செதுக்கிய உளி ஆகிய ஒவ்வொன்றும் தன் தடத்தை அதில் விட்டிருக்கிறது. வெவ்வேறு ஊர்களில் சிக்கிய இரண்டு துப்பாக்கிகள் ஒரே பட்டறையில் பிறந்தவையா என்ற கேள்விக்கு இந்தத் தடங்கள் உதவக்கூடும். வைத்திருந்த விவசாயியோடு வழக்கை முடித்துக்கொள்ளாமல், செய்து விற்றவரைத் தேட இதுவே வழி.

இனி மருந்துக்கு வருவோம். சுட்டவர் கையில் எச்சம் படிந்திருக்கும், அதை எடுத்துச் சோதித்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நவீனத் தோட்டாவில் அது ஓரளவு நடக்கும். அதன் அடிப்பகுதியிலுள்ள தூண்டு மருந்தில் பெரும்பாலும் ஈயம், பேரியம், ஆன்டிமனி ஆகிய மூன்றும் உள்ளன; மூன்றும் ஒரே துகளில் சேர்ந்து உருகி உருண்டையாக இருப்பதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டால், அது துப்பாக்கி எச்சத்துக்கே உரிய அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. நாட்டுத் துப்பாக்கியில் அந்தத் தோட்டாவே கிடையாது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றின் கலவை. எனவே கையில் தேடப்படுவது பொட்டாசியமும் நைட்ரேட்டும் கந்தகச் சேர்மங்களும்தான்.

இங்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாந்தோப்புகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரியிலும் பூ எடுக்காத மாமரத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் வீதம் பொட்டாசியம் நைட்ரேட் கலந்து தெளிக்கலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தப் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரிமருந்தின் வெடியுப்பும் வேதியியலில் ஒரே பொருள். பூங்கொத்தில் சாம்பல் நோய் வந்தால் தெளிப்பது நனையும் கந்தகத் தூள். காவேரிப்பட்டணத்திலோ போச்சம்பள்ளியிலோ தோட்டத்தில் நாள் முழுவதும் மருந்து தெளித்துவிட்டு வந்த ஒருவரின் விரல் இடுக்கில் பொட்டாசியம், நைட்ரேட், கந்தகம் ஆகிய மூன்றும் இருக்க எல்லா நியாயமும் உண்டு. அடுப்புக்கரியும் இருந்தால் கரிமருந்தின் பட்டியலே முழுமையாகிவிடும். யானை விரட்டப் பட்டாசு கொளுத்திய வேட்டைத் தடுப்புக் காவலரின் கையிலும் இதே எச்சம் இருக்கும். மேலை நாடுகளில் 1930களில் பரவிய பாரஃபின் மெழுகுச் சோதனை, நைட்ரேட் இருந்தால் நீலநிறம் காட்டும் முறையைச் சார்ந்திருந்தது. உரம் கையாண்டவர், சில பொருள்களைத் தொட்டவர் என எல்லோரையும் அது சுட்டவராகக் காட்டியதால் கைவிடப்பட்டது. தோட்டக்காரரும் காட்டோரத்துக் குடியானவருமே பெரும்பாலும் குற்றம்சாட்டப்படும் நம் மாவட்டங்களில், கையில் நைட்ரேட் இருந்தது என்ற ஒற்றை வரியை வைத்து யாரையும் சுட்டவர் என்று சொல்லிவிடக் கூடாது. அதை நான் ஆய்வு நுணுக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். அது நீதி சார்ந்த விஷயம். எரிவதற்கு முன் இருக்கும் வெடியுப்புக்கும், எரிந்தபின் உண்டாகும் பொட்டாசியம் சல்பேட், கார்பனேட், சல்பைடு போன்ற உப்புகளுக்கும் வேறுபாடு உண்டு. குழலிலும் உடையிலும் அந்த எரிந்த எச்சத்தைத் தேடுவதே பொருளுள்ள சோதனை. எப்போது கடைசியாகச் சுடப்பட்டது என்பதைக் குழலை முகர்ந்து பார்த்துச் சொல்வதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை.

எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதில் கரிமருந்து சற்று உதவுகிறது. நவீனப் புகையற்ற மருந்து ஏறக்குறைய முழுதும் வாயுவாகிவிடும். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்டது திடப்பொருளாகவே மிஞ்சும். அதனால் அருகிலிருந்து சுடப்பட்ட உடையில் கருகல், கரும்படிவு, எரியாத துகள்கள் தைத்த புள்ளிகள் ஆகிய மூன்றும் அடர்த்தியாகத் தெரியும். சில நேரம் துணியே தீப்பற்றியிருக்கும். தூரம் கூடக் கூட முதலில் கருகலும், பிறகு கரும்படிவும், கடைசியில் துகள்களும் மறைந்து, சிறுகுண்டுகளின் பரவல் மட்டும் மிஞ்சும். அந்தப் பரவலை வைத்துத் தூரத்தைக் கணிக்க, அதே துப்பாக்கியில் அதே அளவு மருந்தும் குண்டும் இட்டு வெவ்வேறு தூரங்களில் சுட்டுப் பார்க்க வேண்டும். ஆலையில் செய்த 12 போர் தோட்டா என்றால் அது சாத்தியம். ஒரு பிடி மருந்து, ஒரு கொத்துக் குண்டு என்று கண் அளவில் போட்டதை யாராலும் திருப்பிப் போட முடியாது என்பதால், நாட்டுத் துப்பாக்கி வழக்கில் நிபுணர் மீட்டர் கணக்கில் துல்லியமான தூரத்தைச் சொன்னால் குறுக்கு விசாரணையில் அந்தக் கணக்கு நிற்காது. மிக அருகில், அருகில் அல்ல என்ற அளவில் சொல்வதே நேர்மையானது. இதற்கெல்லாம் ஆதாரமான உடையை மருத்துவமனையில் கத்தரித்துத் தூக்கி எறிந்துவிடுவதும், இரத்தம் காயாமல் பையில் திணித்து மக்கவைப்பதும் இன்னமும் நடக்கின்றன. துளையின் மேல் கத்தரி படாமல் வெட்டி, நிழலில் உலர்த்தி, மடிப்புகளுக்கிடையே காகிதம் வைத்துக் கட்ட யாருக்கும் தனிக் கருவி தேவையில்லை.

தோட்டா பயன்படுத்தும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளும், நாட்டுக் கைத்துப்பாக்கிகளும் சிக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. புரி இல்லாவிட்டாலும் வெற்றுத் தோட்டாவின் அடியில் சுடுமுனை குத்திய குழியும், பின்தட்டின் அரத் தடமும் பதிகின்றன. கையால் செய்த துப்பாக்கியில் இந்தத் தடங்கள் ஆலைத் துப்பாக்கியைவிடத் தெளிவாகவே இருப்பதுண்டு. கலுவா வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்தவரின் கட்டிலருகே கிடந்த தோட்டா குற்றவாளியிடம் கைப்பற்றிய நாட்டுக் கைத்துப்பாக்கியிலிருந்தே சுடப்பட்டது என்ற நிபுணர் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. கைப்பற்றிய ஆயுதத்தையும் தோட்டாவையும் நிபுணருக்கே அனுப்பாமல் விட்டது வழக்கைப் பலவீனப்படுத்தும் என்பதை 1995இல் சுக்வந்த் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இதே தர்க்கம் துப்பாக்கியைத் தாண்டியும் செல்கிறது. கருவித் தடங்கள் இருவகை: கடப்பாரை முனையை அழுத்தியதால் பதிந்த அழுத்தத் தடம், பூட்டின் கொண்டியை வெட்டும் கருவி சறுக்கியதால் விழுந்த உரசல் தடம். உடைக்கப்பட்ட பீரோவின் விளிம்பிலுள்ள தடத்தைச் சிலிக்கான் பசையால் அச்செடுத்து, சந்தேகத்துக்குரிய கருவியால் ஈயத் தகட்டில் பல சாய்வுகளில் சோதனைத் தடங்கள் இட்டு ஒப்பிடுகிறார்கள். கருவியைப் பிடித்த சாய்வு மாறினால் கோடுகளும் மாறும் என்பதால்தான் இத்தனை தடங்கள். கைப்பற்றிய கடப்பாரையை அந்தத் தடத்திலேயே பொருத்திப் பார்க்கும் ஆர்வம் கூடவே கூடாது. ஒருமுறை வைத்து எடுத்தாலே பழைய தடம் கெட்டு, பெயின்ட் துகளும் இடம் மாறிவிடும். சந்தனமரக் கடத்தலில் நிலத்தில் நிற்கும் அடிமரத்தின் வெட்டு முகத்தையும் பிடிபட்ட கட்டையின் வெட்டு முகத்தையும் ஒப்பிட்டு, வளர்ச்சி வளையங்களும் வெடிப்புகளும் தொடர்கின்றனவா என்று பார்ப்பதும் இதன் கிளையே. அதனால் கட்டையைப் பிடித்ததோடு நில்லாமல், அடிமரத்திலிருந்து ஒரு வட்டை அறுத்து எடுத்து வைப்பது அவசியம்.

காலடியும் டயர் தடமும் நம் செம்மண்ணில் நன்றாகவே விழும், குறிப்பாக மழை பெய்து ஓரிரு நாள் ஆன கேழ்வரகுக் கொல்லையில். அளவுகோலைத் தடத்தின் தளத்திலேயே வைத்து, கேமராவைச் செங்குத்தாக நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் பல பக்கங்களிலிருந்து பாய்ச்சிப் படம் எடுத்தபின்தான் அச்செடுக்க வேண்டும். பாரிஸ் சாந்தைவிடப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் உறுதியானது. ஏறத்தாழ 900 கிராமுக்கு 300 முதல் 350 மில்லி தண்ணீர் சேர்த்துப் பையிலேயே பிசைந்து, தடத்தின் ஓரத்திலிருந்து வழியவிட வேண்டும். அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். ஒட்டிய மண்ணை இரண்டு நாள் உலர்ந்த பிறகே கழுவ வேண்டும். ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான ரப்பர் செருப்புகளுக்கு ஒரே கோலம்தான்; குதிகாலில் தேய்ந்த இடமும், முள் குத்திய துளையும், ஒட்டுப் போட்ட துண்டும்தான் அந்தச் செருப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் பாதத் தடத்தையும் எடுக்கத்தக்க அளவைகளில் சேர்த்துள்ளது.

இந்த ஒப்பீடுகள் அனைத்திலும் அடிப்படைக் கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு ஒற்றுமை இருந்தால் போதும்? அமெரிக்கத் துப்பாக்கி, கருவித் தட ஆய்வாளர்களின் சங்கம் சொல்லும் அளவுகோல், போதுமான ஒத்திசைவு என்பதே. அது போதுமா என்பதை ஆய்வாளரின் பயிற்சியும் அனுபவமும் தீர்மானிக்கின்றன. 2009இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றமும், 2016இல் அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் இதன் அறிவியல் அடித்தளம் இன்னும் வலுப்பெற வேண்டும் என்றும், பிழை விகிதத்தை முறையான சோதனைகளால் அளக்க வேண்டும் என்றும் கூறின. உலகின் வேறெந்தத் துப்பாக்கியும் அல்ல, இது மட்டுமே என்று தன் நிபுணர்கள் சாட்சி சொல்லக் கூடாது என அந்நாட்டு நீதித்துறையே வரம்பு வகுத்திருக்கிறது. புரியுள்ள, ஆலையில் செய்த துப்பாக்கிகளை வைத்து நடந்த விவாதம் இது. புரியில்லாத குழல் பற்றிய கருத்துக்கு நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

அறிக்கையின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டுவதும் இதனால்தான். இந்தத் துப்பாக்கி சுடத்தக்க நிலையில் உள்ளது என்பது ஒன்று. இது சுடப்பட்டதற்கான எச்சம் குழலில் உள்ளது என்பது வேறு. இறந்தவரின் உடலிலிருந்த குண்டை இது போன்ற துப்பாக்கியால் சுட்டிருக்க முடியும் என்பது மூன்றாவது. இந்தத் துப்பாக்கியால்தான் சுடப்பட்டது என்பது நான்காவது. நாட்டுத் துப்பாக்கியில் அதை அடைப்போ அச்சோ போன்ற துணைச் சான்று இல்லாமல் எட்டுவது மிக அரிது. முதல் மூன்றும் நாளிதழ்ச் செய்தியில் நான்காவதாக மாறிவிடுவதைக் காணும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. 5 ஆண்டுகளுக்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கும் அறிவிக்கப்பட்டபின் காட்டுக்குள் நடக்கும் வேட்டையின் மீது கண்காணிப்பு கூடியிருக்கிறது. ஆனால் உரிகத்துக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் இரவு நடந்த சம்பவத்துக்கு நிபுணர் வந்து சேரும்வரை அந்த இடத்தைக் கயிறு கட்டிக் காப்பவர் அருகிலுள்ள காவலரோ, வி.ஏ.ஓ.வோ, வனக்காவலரோதான். மாவட்டத் தலைநகரில் வைக்கும் ஒரு கருவியைவிட, இவர்களுக்குத் தரும் அரை நாள் பயிற்சி முதலில் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே சட்டத்தின் 329ஆம் பிரிவின்படி அரசு ஆய்வக நிபுணரின் அறிக்கையை அவரை நேரில் விசாரிக்காமலே சான்றாகக் கொள்ளலாம். தேவை என்று கருதினால் நீதிமன்றம் அவரை அழைத்து விசாரிக்கவும் செய்யலாம். வாய்வழித் துப்பாக்கி வழக்குகளில் அவரை அழைக்கும்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேட்பதே முறையாகும். துப்பாக்கி வந்து சேர்ந்தபோது முத்திரையும் குழலின் வாய்க்கட்டும் எந்த நிலையில் இருந்தன, அடைப்பு ஏதும் அனுப்பப்பட்டதா, சம்பவத்துக்கும் ஆய்வுக்கும் இடையே எத்தனை நாள் கடந்தது, எந்த உப்புகள் குழலில் இருந்தன, அவை உரத்திலிருந்தோ பட்டாசிலிருந்தோ வந்திருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி நீதிமன்றங்களில் இரண்டு பக்க அறிக்கையாகப் படிக்கப்படும் கருத்தின் உண்மையான எடை நீதிபதிக்குத் தெரியவரும்.